வரும் வருசத்து ரைடு காலண்டர்: வரைவும் திருத்தமும்

ஒருங்கிணைப்பு:
நம்ம கோவை சைக்கிள் கிளப்போட 2027 ரைடுக்கு மொதல் வரைவு கீழ இருக்குதுங்க. ஞாயித்துக்கெழமைக் காலையில வழக்கமாப் போற 40 கி.மீ. அப்படியே தொடரும், அதைப் பத்தி இங்க பேச வேண்டாம். மாசத்துக்கு ஒரு பெரிய ரைடு மட்டும் பேசலாம். பள்ளிக்கூட லீவு, பண்டிகை, மில்லு ஷிப்டு எல்லாம் பாத்துத்தான் போட்டிருக்குது.

ஜனவரி: சிறுவாணி ரோடு, பேரூர் ஆலாந்துறை வழியா. புதுசாச் சேர்றவங்களுக்கு.
பிப்ரவரி: அன்னூர், புளியம்பட்டி, சத்தி, கோபி, அவினாசி சுத்து.
மார்ச்: வண்டி பராமரிப்பு வகுப்பு.
ஏப்ரல் கடைசி: கோத்தகிரி ஏத்தம்.
ஜூலை: 200 கி.மீ. பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் தாண்டி நூறாவது கி.மீ.ல திரும்பி அதே ரோட்டுல வரணும்.
ஆகஸ்ட்: வால்பாறை.
நவம்பர்: மேட்டுப்பாளையம் – குன்னூர்.
டிசம்பர்: வாளையார் வழியா பாலக்காடு போய் வர்றது.

விட்டுப்போன மாசத்துக்கு யோசனை சொல்லுங்க. போட்டதுல தப்பிருந்தாலும் சொல்லுங்க.

கணவாய்க்காத்து:
லீவு நாளை வெச்சுப் போட்ட காலண்டருங்க இது. நம்ம பக்கம் காலண்டர் போட வேண்டியது காத்து. வரைவுல ஜூலையும் டிசம்பரும் ஒண்ணுக்கொண்ணு எடம் மாறிக் கெடக்குது.

பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கி.மீ. அகலம். வடக்க நீலகிரி, தெக்க ஆனைமலை, ரெண்டும் ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல நிக்குது. தென்மேற்குப் பருவக்காத்து மத்த எடத்துல எல்லாம் மலையில முட்டி நிக்க, இங்க மட்டும் நுழைஞ்சு வேகம் புடிச்சு வருது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் அத்தனை காத்தாடி நட்டிருக்கிறாங்கன்னா காரணம் அதுதான். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேக்க இருந்து கெழக்க. ஆடியில உச்சம். நாள் கணக்குலயும் ஒரு வரிசை இருக்குது: விடியக்காலம் தணிஞ்சிருக்கும், வெயில் ஏற ஏறக் காத்தும் ஏறும், மத்தியானத்துக்கு மேல முழு வேகம்.

இப்ப ஜூலை 200ஐப் பாருங்க. காலையில கெழக்க போறோம், காத்து முதுகைத் தள்ளுது, ஆளுக்காளு 30க்கு மேல ஓட்டிட்டு "இன்னைக்குக் காலு நல்லா இருக்குது"ன்னு நெனைப்பாங்க. நூறுல திரும்பறப்ப மணி பத்தரை. மிச்சம் நூறு கி.மீ. முழுக்க எதிர்க்காத்து, அதுவும் நாளோட மோசமான நேரத்துல. காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். அமைதியான நாள்ல 20ல ஓட்டறவரு, 20 கி.மீ. எதிர்க்காத்துல அதே 20ல ஓட்டோணும்னா, அவர் மேல மோதற காத்து 40. தடை நாலு மடங்கு. யாரும் நாலு மடங்கு மிதிக்க முடியாது, அதனால வேகம் பன்னெண்டு பதிமூணுக்கு எறங்கும். வண்டிச் சாமான் ஒண்ணும் கெடாது, ஆளுதான் கெட்டுப்போவாரு.

டிசம்பர்ல காத்து திரும்பிடும். மார்கழி, தை, மாசி கெழக்க இருந்து மேக்க. ஆடி அளவு பலம் இல்ல, ஆனா பாலக்காடு போறப்பத் தள்ளிவிட்டுத் திரும்பறப்ப முட்டும். அதனால விதி ஒண்ணேதான்: போகும்போது எதிர்க்காத்து, வரும்போது தள்ளுகாத்து. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேக்க போங்க (வாளையார், சிறுவாணி ரோடு). டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் கெழக்க போங்க (காங்கேயம், வெள்ளகோவில்). மார்ச் ஏப்ரல்ல காத்து பெரிய விசயமில்ல, வெயில்தான் விசயம்.

பொள்ளாச்சி ரோடு:
மேக்க கெழக்க சொன்னீங்க, தெக்க வடக்க சொல்லலியேங்ணா. கிணத்துக்கடவு வழியா பொள்ளாச்சி போறது நேரே தெக்க. காத்து மாசத்துல அது பக்கக்காத்து. நம்மாளுங்க பத்துப் பேரு வரிசையாப் போறதே அங்கதான், ஆபத்தும் அங்கதான்.

போறப்ப காத்து வலது பக்கத்துல இருந்து வரும். முன்னால போறவரோட மறைவு அவருக்கு நேர் பின்னால இருக்காது, இடது பின்பக்கம் சாஞ்சு விழும். அந்த மறைவைத் தேடி ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கம் ஒதுங்குவாங்க. மூணாவது ஆளே ரோட்டு ஓரத்து மண்ணுல நிப்பாரு. திரும்பி வர்றப்ப இன்னும் மோசம், காத்து இடது பக்கம், மறைவு வலது பின்பக்கம், அதாவது லாரி வர்ற பக்கம். மறைவு தேடி வலது பக்கம் படியாதீங்க.

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அந்த ரோட்டுல மூணு நாலு பேரு கொண்ட சின்னக் கூட்டம், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவுல 200 மீட்டராவது விடணும். லாரியோ பஸ்ஸோ தாண்டறப்ப ஒரு நொடி காத்து நின்னு திரும்ப அடிக்கும், வண்டி ரெண்டு தடவை ஆடும். அந்த நேரம் ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்கோணும், தண்ணி பாட்டில்ல இல்ல. ரிம் உயரம் 50 மி.மீ. வெச்சிருக்கறவங்க முன் வீலையாவது அன்னைக்கு மாத்திக்குங்க. பக்கக்காத்துல திருப்பறது முன் வீல்தான்.

முதல்கியர்:
அப்போ ஜூலையில கிழக்குப் பக்கம் போகவே கூடாதா? வீடு பல்லடம் பக்கம். வாளையார் வரைக்கும் வந்து தொடங்குறதுக்கே பாதி நாள் ஆயிடும்.

கணவாய்க்காத்து:
தாராளமாப் போலாம் தம்பி, திரும்பி ஓட்டாம இருந்தாச் சரி. கோவையில இருந்து ஈரோடு நூறு கி.மீ. சுமார். ஆடிக்காத்துல அதைவிடச் சுகமான ரோடு கெடையாது. வர்றதுக்கு ரயில், இல்லாட்டி ஒரு டாட்டா ஏஸ்.

ரயில்னா பார்சல் ஆபீசுல பயணச் சீட்டைக் காட்டி சைக்கிளை லக்கேஜா பதியோணும். வண்டி நிக்கற நேரம் கம்மியா இருக்கற ஸ்டேசன்ல ஏத்த மாட்டாங்க, ஈரோடு கோவை மாதிரி பெரிய ஜங்சன் வேணும். புறப்படற நேரத்துக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னாடி ஆபீசுல நிக்கோணும். லைட்டு, பம்ப், மீட்டர், பாட்டில் எல்லாம் கழட்டிப் பையில வெச்சுக்குங்க. பேரும் ஊரும் எழுதின அட்டையை ஃபிரேமுல ஒண்ணு, ஹேண்டில்ல ஒண்ணு கட்டுங்க. செயின் இருக்கற பக்கத்துக்கு அட்டைப்பொட்டி வெச்சுக் கட்டுங்க. அந்தப் பக்கம் படுக்கப் போட்டா ஆர்.டி. (பின்னால செயினைப் பல்லு மாத்தற கருவி) மாட்டற ஹேங்கர்ங்கற சின்னத் தகடு வளையும், வீட்டுக்கு வந்து கியர் போட்டப்பறந்தான் தெரியும்.

எட்டுப் பேருக்கு மேல சேர்ந்தா ஏஸ் பிரிச்சுக்கறதே லேசு. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவுல பழைய அட்டை, ஒண்ணு முன்னால பாத்து, அடுத்தது பின்னால பாத்து. கயித்தை ஃபிரேமுல கட்டுங்க, வீல்ல கட்டாதீங்க.

ராத்திரி லைட்:
200 பத்திப் பேச்சு வந்ததால ஒண்ணு. 2027 ஆகஸ்ட்ல பிரான்சுல பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ்ங்கற நெடுந்தூர சைக்கிள் ரைடு வருது. நாலு வருசத்துக்கு ஒருக்கா, போனது 2023. 1200 கி.மீ., அதிகபட்சம் 90 மணி நேரம். அதுக்குத் தகுதி வேணும்னா அந்த வருசக் கணக்குல 200, 300, 400, 600 நாலையும் முடிச்சிருக்கோணும். நேரம் முறையே 13½, 20, 27, 40 மணி. இந்த மாதிரி நேரக் கெடு வெச்ச ரைடுக்குப் பேரு பி.ஆர்.எம்.; அதோட வருசக் கணக்கு முந்தின வருசம் நவம்பர் 1லயே தொடங்குது, ஜனவரியில இல்ல. இது தெரியாம "ஜனவரிக்கப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டா நல்ல காத்தும் நல்ல குளிரும் இருக்கற ரெண்டு மாசம் வீணாப்போகும்.

நம்ம கிளப் தனியா பி.ஆர்.எம். நடத்த வேண்டியதில்லீங்க. நம்ம நாட்டுல பி.ஆர்.எம். நடத்தற ஆடாக்ஸ் இந்தியா காலண்டர்ல கோவை, சேலம், பெங்களூர்ப் பக்கம் வர்றதுல போய்ச் சேர்ந்துக்கலாம். கிளப் பண்ண வேண்டியது, அதுக்கேத்த மாதிரி நம்ம ரைடை வரிசைப்படுத்தறது. இந்த வருச நவம்பர் கடைசியில 200, டிசம்பர்ல 300, வரும் பிப்ரவரி தொடக்கத்துல 400, மார்ச் முதல் வாரத்துக்குள்ள 600. ஏப்ரல் மேயில 600 ஓட்டறது வீம்பு. கரூர் ஈரோடு பக்கம் பகல்ல வெயில் 38 டிகிரிக்கு மேல போகும், ராத்திரி தார் ரோடு குளுந்து முடிக்கவே மணி பன்னெண்டு ஆகும்.

ஜனவரியை வேணும்னேதான் விட்டிருக்கேன். தைப்பூசத்துக்கு முன்னால ரெண்டு வாரம் பழனி போற ரோடெல்லாம் பாதயாத்திரை. பொள்ளாச்சி – உடுமலை – பழனி, காங்கேயம் – தாராபுரம் எல்லாமே. வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலயும் விடியக்காலத்துலயும்தான் நடப்பாங்க, ரோட்டோட இடது ஓரத்துல. நமக்கும் அதே ஓரம், அதே நேரம். 25 கி.மீ. வேகத்துல இருட்டுக்குள்ள ஒரு கூட்டத்துக்குப் பின்னால போய்ச் சேர்ந்தா ரெண்டு பக்கமும் அடிபடும்.

ஜூலை 200க்கு இன்னொரு கணக்கு. பி.ஆர்.எம். விதிப்படி நூறாவது கி.மீ. கன்ட்ரோல் (வந்த நேரத்தைப் பதியற எடம்) 6 மணி 40 நிமிசத்துல மூடும். முடிக்க 13½. நூறுல கடைசி நிமிசத்துக்கு வந்து சேர்றவருக்கு மிச்ச நூறுக்கு 6 மணி 50 நிமிசம், சாப்பாடு பஞ்சர் எல்லாம் அதுக்குள்ள. எதிர்க்காத்துல பன்னெண்டுல ஓட்டுனா எட்டு மணிக்கு மேல ஆகும். கணவாய்க்காத்து அண்ணன் சொன்னதையே கடிகாரமும் சொல்லுது.

கோபி வாய்க்கால்:
காத்து பேசினாச்சு, மழையையும் பேசிடலாம். வரைவுல மலை மூணும் தப்பான மாசத்துல இருக்கு.

வால்பாறை ஆகஸ்ட்ல வேண்டாம். தென்மேற்கு மழை நேரே விழுற இடம். அந்த மலையிலேயே இருக்கிற சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை வாங்குற ஊர்களில் ஒன்று. ஆழியாறில் காய்ந்த ரோடு, பாதி ஏறினதும் மூடுபனி, மேலே போனதும் நாள் முழுக்கச் சாரல். 40 கொண்டை ஊசி வளைவும் நனைந்த ரோட்டில் இறங்க வேண்டியிருக்கும். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல காலம்.

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நேர் எதிர். நீலகிரியின் கிழக்குச் சரிவு வடகிழக்குப் பருவத்தில்தான் நனையும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை மண்சரிவு, மரம் விழுவது, பர்லியார் பக்கம் ரோடு அடைப்பு. நவம்பரில் தேதி வைத்தால் முதல் நாள் ராத்திரி ரத்து பண்ண வேண்டி வரும்.

ஏப்ரல் கடைசியில் கோத்தகிரி இன்னொரு காரணத்தால் ஆகாது. ஊட்டி சீசனில் மேலே போகிற வண்டியைக் குன்னூர் வழியாகவும், இறங்குகிறதைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக விடுவார்கள். நாம் 8 கி.மீ. வேகத்தில் ஏறும்போது, மொத்த ஊட்டிக் கூட்டமும் பிரேக் சூட்டோடு நமக்கு எதிரே இறங்கும். வளைவில் அவர்கள் எடுக்கிற இடம் நம் இடம். பிப்ரவரிக்கு மாற்றுங்கள். ஆதரவு வண்டி கொண்டுபோவதானால் நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் இருக்கிறது, அதையும் முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்குத் தடை, கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று காலி பாட்டிலோடு ஏறாதீர்கள்.

திம்பம் யாராவது கேட்பீர்கள். 27 வளைவு, புலிகள் காப்பகம், வளைவை ஒரே தடவையில் திருப்ப முடியாத நீள லாரிகள். கிளப் ரைடுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

முதல்கியர்:
கோத்தகிரி பத்தி ஒரு சந்தேகம்ங்க. ஹைபிரிட் வண்டி, முன்னால ஒரே பல்சக்கரம், 42 பல்லு, பின்னால 7 ஸ்பீடு ஃப்ரீவீல் (பல்சக்கர அடுக்கு), 14ல இருந்து 28 பல்லு வரைக்கும். ஏறுமா?

ஒர்க்‌ஷாப் பெஞ்ச்:
வண்டி ஏறும், ஆளு ஏறுவாரான்னுதான் கேள்வி. கணக்குப் போட்டுப் பாத்துக்கலாம்.

மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், கோத்தகிரி 1800 பக்கம், நடுவுல 33 கி.மீ. சராசரி நாலரை சதவீதம். ஆனா சராசரியில யாரும் ஏறறதில்ல. அஞ்சு ஆறு சதவீதம் தொடர்ந்து வர்ற எடம் நெறைய இருக்குது.

42க்கு 28ன்னா ஒரு மிதிக்கு வீலு ஒண்ணரைச் சுத்து. வீல் சுற்றளவு 2.1 மீட்டர். நிமிசத்துக்கு 60 மிதி மிதிச்சா மணிக்கு 11.3 கி.மீ. ஆளும் வண்டியும் தண்ணியும் சேர்ந்து 85 கிலோன்னு வெச்சா, 5 சதவீத ஏத்தத்துல அந்த வேகத்துக்கு 150 வாட்டுக்கு மேல வேணும், மூணு மணி நேரம் விடாம. புதுசா வர்றவங்களுக்கு அது ஆகாது. அதனால மிதி 40க்கு எறங்கும், எழுந்து நின்னு மிதிப்பாங்க, குஞ்சப்பனை வர்றதுக்குள்ள முட்டி முன்பக்கம் வலிக்கும். 34க்கு 34 போட்ட ரோடு பைக்ல அதே 60 மிதிக்கு 7.6 கி.மீ., நூறு வாட் சுமார். வித்தியாசம் அவ்வளவு.

உங்க வண்டிக்கு வழி: 14–34 மெகாரேஞ்ச் 7 ஸ்பீடு ஃப்ரீவீல். கடைசிப் பல்லு மட்டும் திடீர்னு பெருசா இருக்கும், அதுவே நமக்கு வேண்டியது. அதோட 9.3 கி.மீ.க்கு எறங்கும். மாத்தறப்ப மூணு பாத்துக்குங்க. ஒண்ணு, ஃப்ரீவீல் கழட்டற சாவி பள்ளத்துக்குச் சரியா உக்காரோணும், பாதி உக்காந்த சாவி பல்லைத் தின்னுடும். ரெண்டு, பின் ஆர்.டி. 34 பல்லு வரைக்கும் தாங்கற நீளக் கூண்டா இருக்கோணும். மூணு, செயின் நீளம். ஆர்.டி. வழியா விடாம பெரிய பல்லுல இருந்து பெரிய பல்லுக்குச் சுத்தி, அதுக்கு மேல ரெண்டு லிங்க் சேத்து வெட்டுங்க. பழைய செயினை அப்படியே போட்டு 34ல தள்ளுனா ஆர்.டி. இழுபட்டு ஹேங்கர் ஒடியும், மலையில அதுக்கு மருந்தில்ல. முன்னால மூணு சக்கரம் (42/34/24) இருக்கற வண்டிக்காரங்க ஒண்ணும் மாத்த வேண்டாம். 24க்கு 28ல ஆறரை கி.மீ. வேகத்துல உக்காந்தே ஏறலாம்.

ஏறறதை எல்லாரும் கேக்கறீங்க, எறங்கறதை ஒருத்தரும் கேக்கல. 85 கிலோ 1450 மீட்டர் எறங்கறப்ப வெளிய வர்ற சக்தி 1.2 மெகா ஜூல். நாலு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வெக்கற சூடு. அதுல காத்து எவ்வளவு வாங்குதோ போக மிச்சமெல்லாம் ரிம்முக்கும் டிஸ்க்குக்கும்தான் போகும். நேர் ரோட்டுல 15லயே பிரேக்கைத் தேச்சுக்கிட்டே எறங்கறவருக்கு காத்து உதவறதில்ல, அத்தனையும் பிரேக்கு வாங்குது. பயந்து மெதுவா எறங்கறவங்க ட்யூப்தான் மொதல்ல வெடிக்கும். நேர்ல விடுங்க, வளைவுக்கு முன்னால நிமிர்ந்து உக்காந்து ரெண்டு பிரேக்கையும் சேத்து நல்லா அழுத்தி வேகத்தைக் கொறைங்க, கையை எடுத்திட்டு வளைஞ்சு வாங்க. வளைவுக்குள்ள முன் பிரேக்கைப் புடிக்காதீங்க.

மார்ச் வகுப்பை ஜனவரிக்குக் கொண்டு வந்துடுங்க. மலை பிப்ரவரின்னா பிரேக்கு ஜனவரியிலயே பாக்கோணும். அன்னைக்குப் பாக்க வேண்டியது:

ரிம் பிரேக்: கட்டையில இருக்கற பள்ளம் தேஞ்சு போயிருந்தா மாத்துங்க. கட்டைக்குள்ள அலுமினியத் துணுக்கு மின்னுச்சுன்னா ஊசியில நோண்டி எடுங்க, அது ரிம்மை அரிச்சுடும். ரிம் டேப் பிளாஸ்டிக்கா இருந்து ஓரம் நகர்ந்திருந்தா துணி டேப் போடுங்க. சூட்டுல ட்யூப் ஸ்போக் ஓட்டைக்குள்ள பிதுங்கித்தான் வெடிக்குது, பாதிப் பேரு ட்யூப் கம்பெனியைத் திட்டுவாங்க.

டிஸ்க்: பேடுல இரும்புத் தகட்டைத் தவிர்த்து மசாலா அரை மி.மீ.க்குக் கீழ போச்சுன்னா தூக்கிப் போடுங்க. ஷிமானோ ரோட்டர் புதுசுல 1.8, 1.5க்கு வந்தா முடிஞ்சுது. ரெசின் பேடு நீள எறக்கத்துல கண்ணாடி மாதிரி மினுங்கிப் புடிக்காமப் போகும், மலைக்கு மெட்டல் பேடு நல்லது. ஆனா "ரெசின் மட்டும்"னு எழுதியிருக்கற ரோட்டர்ல மெட்டல் போடாதீங்க. புதுப் பேடு போட்டு நேரா மலைக்குப் போகக் கூடாது. சமதளத்துல 20 கி.மீ.ல இருந்து நடை வேகத்துக்கு ஒரு பத்துத் தடவை, அப்புறம் கொஞ்சம் கூட்டி இன்னொரு பத்து, வீல் பூட்டாம. செயின் ஆயில் ஸ்பிரே அடிக்கறவங்க ரோட்டர் மேல துணி மூடுங்க. ஒரு சொட்டு பட்டாப் பேடு போச்சு.

செயின்: தேய்மானம் அளக்கற கேஜ் இல்லாட்டி 12 அங்குல ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு பின்னோட நடுவுல பூச்சியத்தை வெச்சா, அதுக்கு அடுத்ததுல இருந்து எண்ணி 24வது பின்னோட நடு 12ல விழோணும். பதினாறுல ஒரு பங்கு அங்குலம் தாண்டி நின்னா அரை சதவீதம் தேஞ்சிருக்குது. 11, 12 ஸ்பீடுக்கு அப்பவே மாத்தோணும். 9, 10 ஸ்பீடு 0.75 வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல ஓட்டுனா கேசட்டும் (பின் பல்சக்கர அடுக்கு) சேந்து போகும், காசு மூணு மடங்கு.

ஊத்துக்குளி:
டயர் காத்து பத்தியும் ஒரு வரி போட்டுடுங்ணா. எல்லாரும் பக்கவாட்டுல எழுதியிருக்கற அதிகபட்சத்தையே அடிச்சிட்டு வர்றாங்க.

ஒர்க்‌ஷாப் பெஞ்ச்:
70 கிலோ ஆளு, 28 மி.மீ. டயர், ட்யூப் உள்ளது: முன்னால 65–70, பின்னால 75–80 பி.எஸ்.ஐ. 32 மி.மீ.ன்னா 50–60. நூறு அடிச்சா வேகமாப் போற மாதிரி தோணும், கை மரத்துப்போகும், நனைஞ்ச வளைவுல வழுக்கும். அவ்வளவுதான் லாபம்.

பஞ்சருக்கு நம்ம பக்கம் மூணு காரணம். உள் ரோட்டுல சீமைக்கருவேல முள்ளு. மழை நின்ன ரெண்டு மூணு வாரத்துல நெருஞ்சி. நாலுவழிச் சாலை ஓரத்துல வெடிச்ச லாரி டயர்ல இருந்து வர்ற முடி மாதிரிக் கம்பி. கம்பிதான் ஏமாத்தும், கண்ணுக்குத் தெரியாது, ட்யூப் மாத்தி ரெண்டு கி.மீ.ல திரும்பவும் எறங்கும். டயர் உள்பக்கம் பஞ்சை வெச்சு ஒரு சுத்து தேய்ங்க, எங்க பஞ்சு மாட்டுதோ அங்க இருக்குது. விரலை வெச்சுத் தேடாதீங்க. ஒட்டு போடறப்ப பசை தடவி உடனே அமுக்காதீங்க, தொட்டா ஒட்டாத வரைக்கும் நாலஞ்சு நிமிசம் காய விடுங்க. ட்யூப்லெஸ்காரங்க: 28 மி.மீ. டயருக்கு 30–40 மில்லி சீலண்ட் (ஓட்டையை அடைக்கற திரவம்), 38–40க்கு 60. பாக்கெட்டுல ஆறு மாசம்னு போட்டிருந்தாலும் நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு மாசத்துல உறைஞ்சுடும். குலுக்கிப் பாத்துச் சத்தம் வரலீன்னா ஊத்துங்க.

கோபி வாய்க்கால்:
பிப்ரவரியில் போட்டிருந்த சத்தி – கோபி சுற்றை மார்ச் தொடக்கத்துக்கு நகர்த்தினாலும் கெடாது, ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும். ஆனால் கீழ்பவானி வாய்க்கால் கரையில் ஓட்டலாம் என்று போன தடவை யாரோ எழுதியிருந்தார்கள். 200 கி.மீ. வாய்க்கால்தான், நிழலும் உண்டு. கரைப் பாதை மண். ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் விட்டதும் பல இடத்தில் சேறு, காய்ந்த காலத்தில் நெருஞ்சி. 35 மி.மீ.க்குக் குறைந்த டயர் கரையில் இறங்க வேண்டாம், தார் ரோட்டிலேயே போகலாம்.

மார்ச்சுக்கு அப்புறம் ஓட்டுகிற எல்லா ரைடுக்கும் தண்ணீர் கணக்கு வேண்டும். மணிக்கு 750 மில்லி முதல் ஒரு லிட்டர். வெறும் தண்ணீராக நான்கு ஐந்து லிட்டர் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கித் தலைவலி, குமட்டல், கை வீக்கம். பார்க்கிறவர்கள் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அது நிலைமையை மோசமாக்கும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. 750 மில்லி பாட்டிலில் முழுதாகக் கொட்டிக் குடித்தால் அடர்த்தி கூடி வயிற்றைக் கலக்கும். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வேர்வையில் போவது சோடியம். இளநீரோடு உப்புப் போட்ட மோரோ, உப்புக்கடலையோ சேருங்கள். மோருக்கு ஒரு லிட்டருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, அதில் 600 மில்லிகிராம் பக்கம் சோடியம் கிடைக்கும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஒருங்கிணைப்பு:
சரிங்க, மாத்திப் போட்டிருக்கேன்.

ஜனவரி முதல் ஞாயிறு: வண்டி பராமரிப்பு, பிரேக்கு செயின் சோதனை. புதியவங்களுக்குச் சிறுவாணி ரோடு அடுத்த வாரம்.
பிப்ரவரி: கோத்தகிரி. மேட்டுப்பாளையத்துல ஆறரைக்கு, வெளிச்சம் வந்தப்பறம்.
மார்ச் தொடக்கம்: சத்தி – கோபி – அவினாசி சுத்து, 170 கி.மீ. பக்கம்.
ஏப்ரல், மே: பெரிய ரைடு இல்ல. ஒம்பது மணிக்குள்ள வீடு சேர்ற மாதிரி 50.
ஜூன்: வாளையார் போய்த் திரும்பறது.
ஜூலை: ஈரோடு ஒருவழி, ஏஸ்ல திரும்பறது.
நவம்பர் கடைசி: 200, கெழக்க.
டிசம்பர் கடைசி: வால்பாறை.

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் காலியா இருக்குது. ஆனைக்கட்டி போடலாமா?

பொள்ளாச்சி ரோடு:
ஆனைக்கட்டி தொலவு பிரச்சினையில்ல. தடாகம் தாண்டி மாங்கரைக்கு மேல யானை நடமாட்டம். அஞ்சு மணிக்கு டார்ச் போட்டுக்கிட்டுப் போறது மட்டும் கூடாது, சைக்கிள் சத்தமில்லாம வர்றதால யானைக்கும் நமக்கும் ஒரே நேரத்துலதான் தெரியும். மாங்கரை செக்போஸ்ட்டுல ஏழு மணிக்குக் கேட்டுட்டு மேல போறதா இருந்தா செப்டம்பருக்குப் போடுங்க. திரும்பறதும் மத்தியானத்துக்குள்ள. வழியில ரோட்டுல பச்சைச் சாணி, ஒடிஞ்ச மூங்கில் கெடந்தா அங்கயே நின்னுடோணும், பின்னால காரோ பஸ்ஸோ வந்தா அதோட சேர்ந்து கடக்கலாம்.

வால்பாறைக்கு ஒண்ணு சேத்துக்குங்க. ஒன்பதாவது வளைவுல எல்லாரும் படம் எடுக்க நிப்பாங்க, கொரங்கு அங்கதான் காத்திருக்கும். சாப்பாட்டுப் பையை ஹேண்டில்ல தொங்க விடாதீங்க.

ராத்திரி லைட்:
அக்டோபர் காலியாவே இருக்கட்டும்ங்க. நவம்பர் 200க்கு வர்றவங்க அந்த மாசம் ராத்திரி 60 கி.மீ. ஒண்ணு ஓட்டிப் பழகட்டும். மஞ்சள் பிரதிபலிப்புச் சட்டை, முன்னால ரெண்டு லைட்டு (ஒண்ணு மாத்து), பின்னால ஒண்ணு விட்டு விட்டு மின்னாம நின்னு எரியற மாதிரி. மின்னற லைட்டை வெச்சுப் பின்னால வர்ற டிரைவருக்குத் தூரம் கணிக்க முடியாது, கூட்டத்துல பின்னால ஓட்டறவருக்குக் கண்ணும் கூசும்.

முதல்கியர்:
ஃப்ரீவீல் கிடைச்சிருச்சுங்க, 14–34. ஜனவரி வகுப்புக்குக் கொண்டு வரட்டுமா, இல்ல முன்னாடியே மாத்திடணுமா?

ஒர்க்‌ஷாப் பெஞ்ச்:
வகுப்புக்கே கொண்டு வாங்க தம்பி, மாத்தறதைப் பாத்தா நாலு பேரு கத்துக்குவாங்க. புதுச் செயினும் வாங்கிட்டு வாங்க, 7 ஸ்பீடுக்கு 6/7/8னு போட்டிருக்கும். அதுக்கேத்த குயிக் லிங்க் ரெண்டு. ஒண்ணு போடறதுக்கு, ஒண்ணு சீட்டுப் பைக்கு.